பெயர் வேண்டாம் என்று எழுதிய ஜெபச் சீட்டு

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. வளர்த்தது ஏழு பேர். நான் பெற்றவர்கள் மூன்று. அம்மா பெற்று என் கையில் விட்டுப் போனவர்கள் நான்கு. அந்த நால்வரில் கடைசிதான் தம்பி. ஏழு பேரில் முதலில் போனதும் அவர்தான்.

தம்பியின் உத்தியோகம், பட்டம், பதக்கம் பற்றியெல்லாம் அவர் மகள் இந்த நினைவு மலரில் வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். மலரில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னார்கள். அப்படியே எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

தம்பி பிறந்தது மார்த்தாண்டத்துக்கு வடக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய எங்கள் ஊரில். அப்பா ரப்பர் பால் வெட்டப் போவார். தம்பிக்குப் பதினோரு மாதம் ஆனபோது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தார். எனக்கு அப்போது கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே சொன்னேன்: நாலு பிள்ளைகளும் என்கூட வருவார்கள், சம்மதம் என்றால் தாலி செய்யுங்கள் என்று. என் வீட்டுக்காரர் சம்மதித்தார். அவரும் இப்போது இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எங்கள் சபைக் கோயிலில் கல்யாணத்துக்கு நின்றேன். இதை நான் பெருமையாகவே சொல்லுவேன்.

தம்பி சிறு வயதில் பேடிக்காரப் பிள்ளை. பயப்படுவதை எங்கள் ஊரில் பேடி என்போம். பள்ளிக்கூடம் போகிற வழியில் கால்வாய்மேல் தென்னந்தடியைப் போட்டுப் பாலம் வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடியே தாண்டுவார்கள். தம்பி ஒரு காலை வைத்து மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பார். “லேய், பாலம் உனக்க கால கடிக்குமால?” என்று எங்கள் சித்தப்பா மகன் அக்கரையில் நின்று கேலி செய்வான். தம்பி அமுக்கிப் பார்ப்பதை விடமாட்டார். அந்தக் கால்வாயில் விழாத பிள்ளை அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்ட பிள்ளை ராணுவப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துப் போய், பிறகு நம் நாட்டு விமானப்படையில் சேர்ந்து, போர் விமானம் ஓட்டினார். சபையில் எல்லோரும் கை கொடுத்தார்கள். முதல் விடுமுறைக்கு வந்தபோது மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“இப்பம் அந்தப் பேடி போச்சா மக்கா?”

“எங்க அக்கா போச்சு? எனக்குக் கூடவேதான் ஏறி இருக்கும். டயர மூணு தடவ பாருன்னு சொல்லிட்டே இருக்கும்.”

இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஓட்டிவிட்டு, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்று வந்தார். என் வீட்டுக்கு அடுத்த மனையிலேயே வீடு கட்டினார். இனி பயமில்லை என்று கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன்.

வீட்டில் சும்மா இருக்க அவருக்கு முடியவில்லை. வெளிநாட்டில் விமானம் ஓட்டப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனார். அந்த நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். போன பிறகும் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுகிறேன். தம்பி போய் இரண்டாம் வருடம் அந்த நாட்டுக்குள் பக்கத்து நாட்டின் படை நுழைந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். தம்பியும் வந்துவிடுவார் என்று நானும் தம்பி மனைவியும் அவர் வீட்டைக் கழுவி வைத்தோம். வரவில்லை. போன்தான் வந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லுவேன். கத்தப்பிடாது. நான் இவங்க படையில சேந்துட்டேன். பறக்கப் போறேன்.”

“உனக்கு ஐம்பது கழிஞ்சாச்சுல்லா. கண்ணாடி போடுக ஆளு.”

“விமானமும் பழசுதான் அக்கா. நம்ம ஊருல நான் ஓட்டுன அதே வகை. இத ஓட்டத் தெரிஞ்சவன் இப்பம் கொறவு. நான் படிப்பிச்ச பயலுவ பதினோரு பேரு மேல போனானுவ. ஆறு பேருதான் எறங்கியிருக்கானுவ.”

“அது நம்ம நாடு இல்லல்லா மக்கா. நம்ம சண்டை இல்லல்லா.”

“பயலுவ நம்ம பயலுவல்லா.”

நானும் பெறாத பிள்ளைகளை வளர்த்தவள்.

இது தம்பி மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும், வேறு ஒரு ஆளுக்கும் சொல்லக் கூடாது என்றார். அங்கே எதிரிகள் வெளிநாட்டு விமானிகளைத் தேடுவார்கள். இங்கேயும் எதற்குப் போனாய் என்று கேள்வி வரும். கீழே இறங்கியதும் “சாயா குடிச்சாச்சு” என்று குரல் பதிந்து அனுப்புவார். அதுதான் அடையாளம். அதற்குமேல் ஒன்றும் கேட்கக் கூடாது.

ஏழு மாதம் அப்படிப் போனது. அந்த ஏழு மாதத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிக்னல் நன்றாகக் கிடைப்பது எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்கு மேலே மட்டும்தான். போனை அங்கே வைத்துவிட்டு நானும் தம்பி மனைவியும் கீழே நிற்போம். சில நாள் காலையில் வரும். சில நாள் இரண்டு நாள் கழித்து வரும். வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது. திருவனந்தபுரத்துக்குப் போகும் விமானம் எங்கள் வீட்டுக்கு மேலேதான் தாழ்ந்து போகும். நாற்பது வருடமாகக் கேட்ட சத்தம்தான். அந்த ஏழு மாதத்தில் அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இது அவ்வளவையும் மறைத்துக்கொண்டு வெளியே சிரிக்க வேண்டும்.

“உனக்க தம்பி இப்பமும் பிளைட்டு வாத்தியார்தானா?” என்று சித்தப்பா மகன் சந்தைக்குப் போகிற வழியில் நிறுத்திக் கேட்பான். “இத்தன வருசத்துல ஒரு செண்டு பாட்டில் எனக்குக் கொண்டு தந்தானா? நல்ல சுகவாசி.”

“சொல்லுகேன். அடுத்த தடவ கொண்டு வருவான்” என்பேன். சந்தைக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

இனி நான் செய்த தப்பை எழுதுகிறேன். சபையில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வெளியூர் உறவினர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபம் தேவைப்படுகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதிப் போடுவார்கள். பரீட்சை, கல்யாணம், கடனில் கிடக்கும் நிலம், கறவை நின்ற மாடு, எல்லாம் வரும். சபைச் செயலர் ஆராதனையில் வாசிப்பார். சபை முழுவதும் சேர்ந்து ஆமென் சொல்லும். நான் வீட்டில் எத்தனையோ தடவை முழங்காலில் நின்று தம்பிக்காக ஜெபித்தேன். எனக்குப் போதவில்லை. அந்த ஆமென் வேண்டும் என்று இருந்தது. அத்தனை பேர் வாயிலிருந்து வருகிற ஆமென்.

அதனால் ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு அன்று, யாரிடமும் சொல்லாமல், நானே என் கையால் எழுதினேன்: “அந்நிய நாட்டுச் சண்டையில் விமானம் ஓட்டுகிற பிள்ளை சுகமாய்க் கீழே இறங்க வேண்டும். பெயர் வேண்டாம்.” பெயரைச் சொல்லவில்லை என்றால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

குருத்தோலை ஞாயிறு என்றால் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஓலை, சலசலவென்று ஒரே சத்தம். செயலர் ஒவ்வொரு சீட்டாக வாசித்துக்கொண்டே வந்து என் சீட்டையும் எடுத்தார். நிறுத்தி நிறுத்தி, ‘பெயர் வேண்டாம்’ என்பது வரைக்கும் மைக்கில் வாசித்தார். ஓலைச் சத்தம் நின்றுபோனது. எங்கள் சபையில் விமானம் ஓட்டுகிற பிள்ளை இருக்கிற வீடு ஒன்றுதான். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகுதான் ஆமென் வந்தது. நான் கேட்ட ஆமென்.

அந்த ஆராதனையை வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காக நேரலையில் விடுவது வழக்கம். நான் வீட்டுக்கு நடந்து வந்து சேர்வதற்குள் துபாயில் இருக்கிற என் மகனிடமிருந்து போன். “அம்மா, மாமா சண்டைக்கா போயிருக்காரு?”

தம்பி மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

“மைனி, நீங்களா எழுதுனது?”

“ஆமா பிள்ளே.”

“பிடிபட்டா அவரக் கைதின்னுகூட வச்சிருக்க மாட்டாங்க மைனி. வேற நாட்டுலேருந்து கூலிக்கு வந்தவன்னு சொல்லிச் சுட்டுருவாங்க. அவரு என்கிட்ட சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொன்னா தாங்கமாட்டீங்கன்னு நான் சொல்லல்ல.”

அவள் அழவில்லை. திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. அவள்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

கடைசியாகத் தம்பியின் குரல் வந்தது குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. பிறகு ஒன்றுமே வரவில்லை.

செயலர் அன்றைக்கே வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தார். “எனக்கு அறியாதே அக்கா. பெட்டியில கெடந்தா வாசிக்கணும்லா.”

“பெயர் வேண்டாம்ன்னு எழுதியிருந்தேனே.”

“நான் பெயர வாசிக்கல்லியே.”

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் எத்தனையோ பேர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. சித்தப்பா மகனும் வந்தான். நான் மாட்டுத் தொழுவத்தில் நின்றேன். “நீயே காட்டிக் குடுத்துட்டியே அக்கா” என்றான். கேலியாகச் சொல்லவில்லை, அவனுக்கும் பயம்தான். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பரிசுத்த வாரம் முழுவதும் போன் பேசவில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. தொடங்குவதற்கு முன்னால் எங்கள் போதகர் ஐயர் நேரலையை நிறுத்தச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பிரசங்க பீடத்தில் ஏறாமல் கீழேயே நின்று பேசினார்: “போன ஞாயிறு ஒரு பிள்ளைக்காக ஜெபித்தோம். அந்தப் பேச்சு இந்தச் சுவருக்குள் இருக்கட்டும். யார் கேட்டாலும், அந்தப் பிள்ளை வெளிநாட்டில் வாத்தியார் வேலைக்குப் போனது என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை. அவர் வாத்தியார் வேலைக்குத்தான் போனார்.”

வெளியில் சொல்ல எவ்வளவோ பேருக்கு வாய் ஊறியிருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. அந்த வாரமே முன்பின் தெரியாத இரண்டு பேர் காரில் வந்து, எங்கள் முக்குச் சாயாக்கடையில் இறங்கித் தம்பியை விசாரித்தார்கள். அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று இன்றுவரை தெரியாது. கடையில் இருந்தது சித்தப்பா மகன்.

“அவனா? சின்னதுல தடிப்பாலம் தாண்டவே பேடிச்சவன். அவன் எங்க சண்டைக்குப் போவ? ஒரு செண்டு பாட்டில் வாங்கக் கடைக்குப் போவ மாட்டான்” என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிறகு கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தானாம். கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஈஸ்டரும் போனது. ‘உயிர்த்தெழுந்தார்’ என்று எல்லோரும் பாடினார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் சாவு நடந்த வீட்டுக்குத்தான் அப்படிக் கஞ்சி கொண்டு வருவார்கள். அவள் இரக்கத்தில் கொண்டுவந்தாள், எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று கண்டு.

“ஏட்டி, எனக்க வீட்டுல யாரும் சாவல்ல. எடுத்துட்டுப் போ.”

அவள் போன பிறகு தம்பி மனைவி தன் வீட்டுக் கதவைத் திறந்து வந்தாள். என் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அரிசி கழுவினேன். அன்றுதான் இருவரும் சேர்ந்து சோறு பொங்கினோம். சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது.

ஈஸ்டர் கழிந்து பத்தாம் நாள், பிரிட்ஜுக்கு மேலே போன் அதிர்ந்தது. இரண்டு பேருக்கும் எடுக்கக் கை வரவில்லை. கடைசியில் அவள்தான் அமுக்கினாள்.

“அக்கா, சாயா கெடைக்கல்ல. வெறும் வெள்ளந்தான் குடிச்சேன். ஆனா எறங்கியாச்சு.”

அந்தக் குரலை எத்தனை தடவை திருப்பிப் போட்டுக் கேட்டோம் என்று கணக்கில்லை.

தம்பியின் விமானத்தை ஏவுகணை அடித்திருக்கிறது. இருக்கையோடு வெளியே தெறித்து, குடை விரிந்து, எதிரிகள் பிடித்து வைத்திருந்த பக்கத்தில் போய் விழுந்திருக்கிறார். முதுகெலும்பு முறிந்துவிட்டது. வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும் அவரைச் சாக்கில் போட்டு இழுத்துப்போய், உருளைக்கிழங்கு சேர்த்து வைக்கும் நிலவறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். மேலே படைவீரர்கள் வந்து தேடியபோது அந்த அம்மா நிலவறை மூடியின்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாராம். பிறகு ஆள் வைத்து இந்தப் பக்கம் சேர்த்தார்கள்.

மூன்று மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, சீட்டு கத கேட்டேன். நீ எழுதுனது ஞாயிறு. நான் விழுந்தது அதுக்கு முந்தின வெள்ளி. ரெண்டுக்கும் ஒரு பந்தமும் இல்ல. மனசிலாச்சா? போய்ச் சோறு தின்னு.”

அன்று சாப்பிட்டேன். அன்றிலிருந்து நிம்மதியாகவும் இருந்தேன்.

தம்பி அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். கம்பை ஊன்றி நடந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார். சித்தப்பா மகனுக்கு ஒரு செண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் நான்தான் முதுகில் எண்ணெய் தேய்ப்பேன். கிறிஸ்துமஸ் வெடி வெடித்தால் மட்டும் அந்த முதுகு என் கைக்குக் கீழே கல் மாதிரி ஆகும்.

போன வருடம் நுரையீரலில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கக் குழாய் மாதிரி இருக்கும் அந்த இயந்திரத்துக்குள் விடும்போது என் கையை இறுக்கிப் பிடித்தார். “அக்கா, போவாத. எனக்குப் பேடியா இருக்கு” என்றார். சின்ன வயதுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் தனக்காகச் சொன்னது அன்றுதான். கம்மலையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதத்தைப் பிடித்தபடி முடிகிறவரை நின்றேன். எட்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு, வீட்டில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

இந்த மலருக்குப் படம் தேடிப் போன மாதம் தம்பி மகள் அவர் பெட்டியைத் திறந்தாள். அந்த நாட்டுப் படையிலிருந்து அனுப்பிவைத்த பெட்டி. அதில் ஒரு நீளமான புத்தகம் இருந்தது. விமானிகள் ஒவ்வொரு தடவை பறந்ததையும் அதில் எழுதுவார்களாம். நாள், ஏறிய நேரம், இறங்கிய நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“கடைசியா என்னைக்கு மக்கா பறந்தான்?”

அவள் ஒரு தேதி சொன்னாள். நான் விரல் விட்டு எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். குருத்தோலை ஞாயிறு எந்தத் தேதி என்று எனக்கு மறக்காது.

“அது செவ்வாய்க்கிழமைல்லா.”

“ஆமா மாமி. சனிக்கிழம வேற எடத்துக்கு மாத்தியிருக்காங்க. போனையெல்லாம் வாங்கி வச்சிருப்பாங்க. சனி, திங்கள், செவ்வாய் மூணு நாளும் பறந்திருக்காரு. செவ்வாய் ஏறுன நேரம் இருக்கு. எறங்குன நேரம் எழுதல்ல.” அதற்குப் பிறகுதான் அவளுக்கு எதைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டாள்.

அந்தக் காலிக் கட்டத்தை நானே விரல் வைத்துப் பார்த்தேன்.

“மாமி, அங்க எவன் நம்ம சபை வீடியோவப் பாத்துட்டு ஏவுகணை விடப் போறான்?” என்று அவள் கேட்கிறாள். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஞாயிறுக்குப் பிறகுதான் செவ்வாய் வருகிறது. அந்தப் பயம் எனக்கு இனி போகாது, என்னோடுதான் வரும். அதை நான் சுமந்துகொள்வேன். நான் சொல்ல வந்தது அதுவல்ல. நான்கு வருடம், தினமும் என் கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, எனக்காகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமையை விட்டு ஒருநாள்கூடத் தம்பி மாறவில்லை. அது எப்படிப்பட்ட மனசு என்று உறவினர்கள் எல்லோரும் அறிய வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசிய ஐயருக்கும், வாயைத் திறக்காமல் இருந்த சபையார் ஒவ்வொருவருக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க்காரர்களிடம்கூடச் சொல்லாத பிள்ளைகளுக்கும் நன்றி. செயலர் மேல் யாரும் வருத்தம் வைக்க வேண்டாம். சித்தப்பா மகனுக்கு இந்த ஊர் முன்னால் நான் தலை வணங்குவேன். கஞ்சி கொண்டுவந்த பெண்ணே, அன்று நான் சொன்னதை மறந்துவிடு. கடைசி நாள்களில் பார்த்த டாக்டர்களுக்கும், அம்மா மாதிரி பார்த்த நர்சுப் பிள்ளைகளுக்கும் நன்றி. என்னிடம் பேசாமல் இருந்து, பிறகு என் அடுப்பைப் பற்றவைத்த தம்பி மனைவிக்கு நான் எழுதி முடியாது. நிலவறை மூடியின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்த அம்மா உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. அவருக்குத் தமிழ் தெரியாது, இந்த மலரும் போய்ச் சேராது. ஆனாலும் அவர் பெயர் வர வேண்டிய இடம் இது. பெயர் எனக்குத் தெரியாது.

எழுதியதில் பிழை இருக்கும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா அவளிடம் ஏதோ சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, என் முகத்தைப் பார்க்கிறாள், தாளைப் பார்க்கிறாள்.

வாசி மக்கா. பைய வாசி. செவ்வாய்க்கிழமைய விட்டுடாத.